தண்ணீர் ஏறும் ஆட்டம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, குளிருக்குக் காதைப் பொத்திக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். மூன்றையும் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, வாயில் ஒரு குறையும் இல்லை. நான் வழக்கம்போலக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். உன் மலையில் சிக்னல் இல்லாததால் நாம் இருவரும் ஒழுங்காகக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்வோம் போலிருக்கிறது.

புதிதாக ஓர் ஆட்டம் எழுதியிருக்கிறேன். "மறுபடியுமா?" என்று நீ முனகுவது இங்கே கேட்கிறது. இதில் பகடை இல்லை, பலகை இல்லை, ஜெயிப்பவரும் இல்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, ஒரு கதையைச் சேர்ந்து சொல்ல வேண்டும். "இங்க கழுவாத பாத்திரம் குவிஞ்சு கிடக்கு, நீ காகிதத்துல பாத்திரம் பண்ணிக்கிட்டு இருக்கே" என்கிறாள் அம்மா.

கதை இதுதான். ஊரில் வெள்ளம். ஒரு குடும்பம் மொட்டைமாடியில் மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கேள்விச் சீட்டை எடுத்து, அதற்குப் பதிலாக ஒரு காட்சியைப் பேசி நடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் ஒரு படி ஏறும். அவ்வப்போது படகு வரும், ஒருவரைத்தான் ஏற்றும். யார் ஏறுவது என்பதைப் பேசியே முடிவு செய்ய வேண்டும். மேசை நடுவில் "நிறுத்து" என்று ஒரு சீட்டு எப்போதும் இருக்கும். யாருக்காவது தாங்க முடியவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காட்சி அங்கேயே முடிந்துவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

இங்கே எனக்காக ஆடிப் பார்ப்பவர்கள் எதிர்வீட்டு டீச்சரும் பஸ் டிரைவரும்தான். இருவருக்கும் என்மேல் பிரியம், அதனால் எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்கிறார்கள். ஆட்டத்தின் ஓட்டை தெரிய வேண்டுமானால் என்னைத் தெரியாதவர்கள், நான் பக்கத்தில் இல்லாதபோது ஆட வேண்டும். உன்னோடு இருப்பவர்களை உட்கார வைத்து ஒருமுறை ஆடிப் பார். எங்கே கொட்டாவி விட்டார்கள், எங்கே சிரித்தார்கள், எந்த விதி புரியவில்லை, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன், தூங்கினேன், காதைப் பொத்திக்கொண்டுதான் வெளியே போகிறேன். அம்மாவிடம் இதே வரிசையில் சொல். மாற்றிச் சொன்னால் சந்தேகப்படுவாள்.

ஆள் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுரங்கப்பாதை தோண்டிவிட்டு வருகிறவனுக்குப் படுக்கைதான் சொர்க்கம். அவனிடம் போய் "வாண்ணே, கதை சொல்லலாம்" என்றால் அடிக்காத குறைதான். கடைசியில் மூன்று பேர் சிக்கினார்கள். துளை போடும் பாறையண்ணன். முகாமிலேயே உயரமான ஆளான வண்டி டிரைவர், அதனாலேயே அவர் பெயர் குட்டையன். குழாய் பொருத்துகிற மாப்பிள்ளை. நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை, அந்தக் கடுப்பில் எங்களைப் பார்த்தாலே முறைப்பார். நாலாவது ஆள் நான்.

சாப்பாட்டுக் கொட்டகை மேசையில் சீட்டை விரித்தோம். பாறையண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இதுல யார் ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்கண்ணே."

"அப்ப நம்ம வேலை மாதிரிதான்னு சொல்லு."

குட்டையனுக்கு அத்தை வேஷம். ஆறடிக்கு மேல் இருக்கிற ஆள் கீச்சுக்குரலில், "என் புடவை கொடியிலேயே கிடக்கே, யாராவது எடுத்தீங்களா?" என்று ஆரம்பித்ததும் மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. முதல் படகு வந்ததும் மாப்பிள்ளை ஏறிவிட்டார், ஆட்டத்திலும் அவருக்கு மருமகன் வேஷம்தான். "நான் இந்த வீட்டுக்கு வந்தவன், எனக்கு எதுக்கு உங்க குடும்பச் சண்டை?" என்றார். ஏறியபின் அவருக்கு ஆட்டத்தில் வேலையில்லை, எழுந்துபோய்ப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இது ஓர் ஓட்டை, குறித்துக்கொள். தண்ணீர் ஏறுவது சீட்டு எடுப்பதற்கு முன்பா பின்பா என்பதும் தெளிவாக இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தை கீழே எட்டிப் பார்த்து, "தண்ணி வர்ற சத்தமே கேக்கலையே" என்றாள். அதுவரை கட்டைக்குரலில் ஒப்புக்குப் பேசிக்கொண்டிருந்த பாறையண்ணன், "சத்தம் போட்டுக்கிட்டு வந்தா ஓடிடலாமே. முதல்ல எல்லாச் சத்தமும் நிக்கும். அதுதான் தண்ணி" என்றார். அதற்குப்பின் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கொட்டாவியும் வரவில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு நல்ல டாக்டரைப் பார்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் கல்லாவுக்குக் கீழே ஒளித்துவைத்து மூன்று முறை படித்தேன். அம்மா சௌக்கியம். டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதாக என்னிடம் சொல்லிவிட்டு மாடி வீட்டு அக்காவோடு உட்கார்ந்து பேசுகிறாள்.

ஓட்டைகளை அடைத்துவிட்டேன். இனி படகில் போனவர் ஆட்டத்தைவிட்டுப் போக மாட்டார். மாடியில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு. இனி தண்ணீர் ஏறுவதற்கு முன் யாராவது ஒருவர் தாம் என்ன கவனித்தார் என்று சொல்ல வேண்டும். சத்தமோ வாசனையோ, எதுவானாலும் சரி. இந்த விதி முழுக்க உன் பாறையண்ணன் போட்ட பிச்சை. நான் எழுதியது ஏட்டுத் தண்ணீர். அவர் சொன்னதுதான் தண்ணீர். அந்த மனிதரை விடாதே. இன்னும் கேள், எழுது.

திருத்திய சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. இங்கே முதலில் இரண்டு பம்புகள்தான் இருந்தன. இப்போது ஐந்தாகிவிட்டன. ஐந்துக்கும் ஒயரும் சுவிட்சும் நான்தான். அதனால் கொஞ்சம் அலைச்சல். மற்றபடி நலமே.

ஒவ்வொரு விடுமுறையிலும் ஆடுகிறோம். இப்போது நான் கூப்பிட வேண்டியதில்லை, அவர்களே மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ கேட்ட மாதிரி, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

குட்டையன்: "சுவர்ல கை வெச்சா ஜில்லுன்னு இருக்கு. போன வாரம் இப்படி இல்ல."

மாப்பிள்ளை: "தண்ணி தெளிவா வந்தா கவலையில்ல, வந்துட்டுப் போகட்டும். கலங்கி வந்தாத்தான் பயம். பின்னால மண்ணு கரையுதுன்னு அர்த்தம்."

பாறையண்ணன்: "துளை போட்டா உளி திரும்பி வரும்போது சேறு ஒட்டிக்கிட்டு வரும். அந்தச் சேத்துக்கு ஒரு வாசனை உண்டு, ரொம்ப நாளா மூடிவெச்ச பெட்டியைத் திறந்த மாதிரி."

யாரும் இப்போது குரலை மாற்றிப் பேசுவதில்லை. அத்தையும் குட்டையனின் குரலில்தான் பேசுகிறாள். இன்னொரு சிக்கல். படகு வந்தால் யாரும் ஏறுவதில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், படகு போய்விடுகிறது. இதற்கு உன் விதியில் வழி உண்டா?

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். குளிர் குறைந்துவிட்டது என்றும் சொல்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உனக்கு ஒரு நல்ல செய்தி. நீ எழுதி அனுப்பிய வரிகளைக் கேள்விச் சீட்டுகளில் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். கலங்கிய தண்ணீர் வந்ததும் பஸ் டிரைவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வெகுநேரம் திரும்பவில்லை. அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. ஒரு சிறு பதிப்பகம் இதைப் பெட்டியில் போட்டு அச்சிட்டுத் தரத் தயார் என்கிறது. உன் நண்பர்கள் மூவரையும் பெட்டியின் உட்பக்கத்தில் நன்றியோடு குறிப்பிடுவேன்.

படகில் யாரும் ஏறாவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான். அதற்கு விதி வேண்டாம். அந்த மௌனம்தான் ஆட்டத்தின் உச்சம் என்று எனக்குப் படுகிறது. இன்னும் இரண்டு முறை ஆடி எழுது. எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் எழுது.

அக்கா


ஏப்ரல் 10

தம்பி,

போன கடிதம் உனக்குக் கிடைத்ததோ இல்லையோ, அதற்குள் இதை எழுதுகிறேன். அம்மா நலம்.

நேற்று டீச்சர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "மொட்டைமாடிக்குச் சுவர் ஏது?" என்றாள்.

"கைப்பிடிச் சுவரா இருக்கும்."

"அது எதுக்கு ஜில்லுன்னு ஆகணும்? மாடியில நிக்கறவன் எதுக்குத் துளை போடறான்? மண்ணு எங்கேருந்து கரையுது?" சீட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது மாடியில நிக்கறவங்க பேசற பேச்சு இல்ல. பூமிக்குள்ள நிக்கறவங்க பேசறது. உன் தம்பிக்கு எங்க வேலை?"

ஐந்து பம்புகள் என்று நீ எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, கையெழுத்து நன்றாயிருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அடுத்த வரியில் சுவர் ஜில்லிட்டதும், அடடா, என்ன வரி என்று துள்ளினேன்.

உள்ளே தண்ணீர் இருக்கிறதா? ஆட்டத்தை விடு. நேராகப் பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே லாரியில் வந்தன. நீ நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். இருக்கிறது. இரண்டு மாதங்களாகக் கலங்கித்தான் வருகிறது.

இன்ஜினியரம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறோம். சின்ன வயது, நல்ல மாதிரி. கேட்டுக்கொள்வாள். "மேலே ரிப்போர்ட் போயிருக்கு, பாக்கலாம்" என்பாள். அவ்வளவுதான். இரண்டு வாரங்களுக்குமுன் ஒரு விடுமுறையன்று டீ குடிக்கக் கொட்டகைக்கு வந்தவள், நாங்கள் சீட்டு விரித்திருப்பதைப் பார்த்து, "நானும் ஆடலாமா?" என்றாள். வீட்டுக்கு மூத்தவள் வேஷம் அவளுக்கு விழுந்தது. பாறையண்ணன் கடைக்குட்டித் தம்பி.

அந்தத் தம்பி கேட்டான், "அக்கா, நாம இங்கயே இருந்தா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது. இவ்வளவு உயரத்துக்குத் தண்ணி வராது."

"யார் சொன்னாங்க?"

"வீட்டைக் கட்டினவங்க சொன்னாங்க."

"அவங்க இப்ப இந்த மாடியில இருக்காங்களா?"

இன்ஜினியரம்மா தன் பாத்திரச் சீட்டைக் குப்புறக் கவிழ்த்தாள். பிறகு கை நீட்டி "நிறுத்து" சீட்டைத் தொட்டாள். ஏன் என்று கேட்கக் கூடாது என்பது உன் விதி, நாங்கள் கேட்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை சுரங்க வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "உங்களை உள்ள போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரமில்ல" என்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நாங்க போகல" என்றார் பாறையண்ணன். எங்கள் ஷிப்டில் சுரங்கத்தின் கடைசிவரை உள்ளே போகிறவர்கள் நாங்கள் நாலு பேர்தான். நாலு பேரும் நின்றுவிட்டோம்.

மேலிடம் இரண்டு காரியம் செய்தது. எங்களை வெளி வேலைக்கு மாற்றியது; எனக்கு வாசலில் ஜெனரேட்டர். எங்கள் இடத்துக்குப் புதிதாக ஆறு பேரை அனுப்பியது. உன் கடிதங்களைக் கொண்டுவந்த அதே லாரியில் வந்தார்கள்.

அன்று மாலை அவர்களைக் கொட்டகையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னோம், அக்கா. ஒன்றையும் மறைக்கவில்லை. பாறையண்ணன்தான் பேசினார். ஜனவரியில் ஒரு வரிக்கு மேல் சேர்த்துப் பேசத் தெரியாத மனிதர். எங்கே ஜில்லிட்டது, எப்போது கலங்கியது, அந்த வாசனை எப்படி என்று அவர் சொல்லச் சொல்ல, ஒருவனும் டீயைத் தொடவில்லை.

என் இடத்துக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒல்லியான ஆள். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் இப்போது எதிர்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க சொல்றதை நம்பறேன். ஒரு வார்த்தை பொய்யில்ல. ஆனா போன வேலையிலயும் இப்படித்தான் பாதியில திரும்பினேன். இன்னொரு தடவை வெறுங்கையோட வீட்டு வாசல்ல போய் நிக்க முடியாது" என்றான்.

"உசுரே போயிட்டா?" என்றேன்.

சிரித்தான். "அப்ப நான் வந்து நிக்க வேண்டியதில்லையே."

ஒரு கதையை நல்லபடியாகச் சொன்னால் கேட்டவர்கள் பழைய ஆளாக எழுந்து போக முடியாது என்பாய். அவர்கள் கேட்டார்கள். நம்பினார்கள். காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். சுவிட்ச் பலகையை நான்தான் அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே.

தம்பி


மே 3

தம்பி,

ரேடியோவில் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை, ஆறு பேர் என்று மட்டும் சொன்னார்கள். நீ எழுதியதை நான் நம்புகிறேன், நீ வெளியேதான் இருந்தாய். இருந்தாலும் ஒரு வரி எழுது. உன் கையால் எழுது.

அக்கா


மே 5

அக்கா,

இருக்கிறேன். நாலு பேரும் இருக்கிறோம்.

எல்லாச் சத்தமும் நின்றது. பாறையண்ணன் சொன்ன மாதிரியே. ஆறு பேரில் ஒருவர்கூட வரவில்லை. பம்புகளை வாசலிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆம்புலன்ஸ் டிரைவர் கிளம்புகிறார், அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே வாய் கூசுகிறது. அம்மா கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். நான் கடைக்குப் போய்வருகிறேன்.

விசாரணையில் நீ சொன்னதைச் செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள். "எங்களுக்குத் தெரியும், இன்ஜினியருக்குத் தெரியும், மேலிடத்துக்கும் தெரியும். புதிதாக வந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை." நாலு பேரும் வார்த்தை மாறாமல் இதையே சொன்னீர்களாம். "தான் பிழைத்தால் போதுமென்று ஒதுங்கிய நால்வர்" என்று தலைப்பு. படத்தில் நீ தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாய்.

இது பொய். உன் ஏப்ரல் கடிதம் என் கையில் இருக்கிறது. யார் மிரட்டினார்கள்? எதற்குப் பயந்தாய்? மாடி வீட்டு அக்கா படியில் அம்மாவைப் பார்த்தால் இப்போது பேச்சை நிறுத்திவிடுகிறாள். கடையில் ஒருவர் அந்தச் செய்தித்தாள் பக்கத்தை வைத்துத்தான் புதுக் கண்ணாடியைச் சோதித்தார். "எழுத்து நல்லாத் தெரியுதும்மா. மனுஷங்கதான் தெரியல" என்றார்.

அந்தக் கடிதத்தைச் செய்தித்தாள் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். உன் பதிலுக்காக மட்டும் காத்திருக்கிறேன்.

பதிப்பகத்துக்கு ஆட்டம் இல்லை என்று எழுதிவிட்டேன். நன்றி என்று யார் பெயரை அச்சிடுவது?

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவைச் சாப்பிட வை.

யாரும் மிரட்டவில்லை. நடந்தது நேர்மாறு. விசாரணைக்கு முன்பு கம்பெனி வக்கீல் எங்களைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அவங்களை நீங்க எச்சரிச்சீங்கல்ல? அதைச் சொல்லுங்க, போதும். உண்மைதானே? உங்க பேருக்கும் ஒரு களங்கம் வராது" என்றார். அவ்வளவு இதமாகப் பேசினார். வெளியே வந்து கொட்டகையின் பின்படியில் உட்கார்ந்தோம்.

"இவனுக்கு எதுக்கு நம்ம பேர் மேல இவ்வளவு அக்கறை?" என்றார் பாறையண்ணன். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார், "நாம சொன்னோம்னு சொன்னா, அவங்க தெரிஞ்சே போனாங்கன்னு ஆயிடும். தெரிஞ்சு போனவனுக்குக் கம்பெனி எதுக்குப் பொறுப்பாகும்? கை கழுவிடுவாங்க. ஆறு வீட்டுக்கும் நஷ்டஈடுன்னு ஒண்ணும் வராது. செத்தது அவங்க தப்புன்னு எழுதி மூடிடுவாங்க."

மாப்பிள்ளை குதித்தார். "அதுக்கு நான் எதுக்குடா கெட்ட பேர் வாங்கணும்? நான் சொன்னேன். தொண்டை வறளச் சொன்னேன்." எழுந்துபோனார். கை கால் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். விசாரணை அறைக்குள் முதலில் போனவர் அவர்தான். முதலில் "நாங்க சொல்லல" என்றவரும் அவர்தான்.

அந்த எலக்ட்ரீஷியனின் மனைவி வந்திருந்தாள், அக்கா. மூத்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் பழைய எலக்ட்ரீஷியனா?"

"ஆமாம்மா."

"பலகையெல்லாம் நீங்கதான் அவருக்குக் காட்டிக் குடுத்தீங்களாமே."

"ஆமா."

"அவ்வளவு காட்டினீங்களே. தண்ணி வரும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தப் பெண் என் பெல்ட்டில் தொங்கிய டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லலம்மா" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்று நின்றேன். "சொல்லியிருந்தா திரும்பி வந்திருப்பார். யார் சொன்னாலும் கேக்கற மனுஷன் அவர்" என்றாள். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்துப் போனாள்.

இன்னும் இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள். அவளுடைய ஆள் அதில் ஒருவன். அவர்களை வெளியே கொண்டுவரும்வரை பம்புகள் நிற்கக் கூடாது, அதனால் நான் வர முடியாது.

ஆட்டம் விஷயம். பாறையண்ணன் சொல்கிறார், "அந்த ஆட்டம் இல்லேன்னா நாம நாலு பேரும் இப்ப இல்ல." மாப்பிள்ளை சொல்கிறார், "அந்த ஆட்டம் இல்லேன்னா அந்த ஆறு பேரும் இங்க வந்திருக்கவே மாட்டாங்க." இருவர் சொல்வதும் உண்மை. உனக்கு நான் என்ன சொல்ல?

கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் எங்கும் போகவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி நீ இனிக் கவலைப்பட வேண்டாம்.

ஆட்டத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் டிரைவரும் வழக்கம்போல வருகிறார்கள். யாரும் சீட்டை எடுப்பதில்லை. வேறு எதையாவது பேசிவிட்டுப் போகிறார்கள். டீச்சருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா கேட்டாள். போன வாரம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது.

"அவன் அந்த ஆளுங்ககிட்ட சொன்னானா, சொல்லலையா? உனக்கு எழுதியிருப்பானே."

"எழுதலம்மா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கே தெரியும். அம்மா நாலைந்து துணிகளை மடித்து அடுக்கினாள். "சொல்லியிருப்பான்" என்றாள். பிறகு, "சொல்லிட்டு, இல்லேங்கறான்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்" என்றாள். நான் ஒரு துணியை எடுத்து உதறினேன். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. மடித்த துணிகளை அலமாரியில் வைக்கப் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

நேற்று மாடி வீட்டு அக்கா கடைசியில் வாய்விட்டே கேட்டுவிட்டாள். மாடிப்படியில், நாலைந்து பேருக்கு நடுவில். "ஏங்க, உங்க பையன் நிஜமாவே அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் நின்றாள். நான் கீழே பையோடு நின்றிருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"ஆமா. என் பிள்ளை சொல்லல" என்றாள். பிறகு வலிக்கிற காலை முன்னால் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

நீ சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னாள்.

அக்கா